எண்ணெய் இருந்தது, கப்பல் இல்லை: போர் உத்தியும் வழங்கலும்

1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருளில் மறைந்தது. நகரம் கலங்கிப்போனது, பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு வெளியேறின. அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் இருக்கிறது. கல்வெட்டைவிட உறுதியாக, ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு தமிழில் நிலைத்துவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்க, கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் முதல் குறியாகத் தேர்ந்தெடுத்தது பர்மா எண்ணெய் நிறுவனத்தின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளை. அவற்றில் இரண்டு தீப்பற்றி எரிந்தன.

முல்லருக்கு எரிபொருளின் அருமை தெரிந்திருந்ததில் வியப்பில்லை. எம்டன் நிலக்கரியால் ஓடிய கப்பல். இந்தியப் பெருங்கடலில் கரி ஏற்றிக்கொள்ளத் தக்க பெரிய துறைமுகங்கள் பிரிட்டனின் கையில் இருந்தன. ஆகவே அவர் மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைத் துணைக்கு அழைத்துக்கொண்டும், பிடிபட்ட வணிகக் கப்பல்களின் கரியை எடுத்துக்கொண்டும் காலம் தள்ளினார். அக்டோபரில் டியேகோ கார்சியா தீவில் நங்கூரமிட்டுக் கரி ஏற்றியபோது, போர் தொடங்கிவிட்ட செய்தியே அந்தத் தீவினருக்கு எட்டியிருக்கவில்லை. பிடித்த கரியிலும் தரம் பார்க்க வேண்டியிருந்தது: இந்தியக் கரி கரும்புகையைக் கக்கிக் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது, வேல்ஸ் நாட்டுக் கரி புகை குறைவாக எரிந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே தொடுவானத்தில் புகை தெரிந்தபோது, வரச்சொல்லியிருந்த கரிக்கப்பல்தான் வருகிறது என்று எம்டனில் இருந்தவர்கள் எண்ணினார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி. அன்றோடு எம்டனின் வேட்டை முடிந்தது.

போரில் எங்கே, எப்போது, எந்த நோக்கத்தோடு படையை நடத்துவது என்ற பெரிய திட்டத்தைப் போர் உத்தி என்கிறோம். அந்தப் படைக்கு வேண்டிய உணவு, எரிபொருள், வெடிமருந்து, மருந்து, உதிரிபாகம் ஆகியவற்றைத் திரட்டி, ஏற்றி, உரிய இடத்தில் உரிய நேரத்தில் இறக்கும் வேலை முழுவதற்கும் லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதை ‘வழங்கல்’ என்று குறிப்பிடுகிறேன். வரலாற்று நூல்களின் வரைபடங்களில் படைகள் தடித்த அம்புக்குறிகளாக முன்னேறுகின்றன. அந்த அம்புக்குறிக்குப் பின்னால் ஊர்ந்து வரும் லாரிகளையும் கப்பல்களையும் யாரும் வரைவதில்லை. அதனால் போரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தளபதிகள் விரும்பிய திசையில் படையைத் திருப்பலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் ஒரு படை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் வீரத்துக்கு முன்பே அதன் வழங்கல் முடிவு செய்திருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு லாரி 4,000 லிட்டர் பெட்ரோலை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து போர்முனைக்குப் போகிறது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்முனை 300 கிலோமீட்டரில் இருந்தால், போய்வர 600 கிலோமீட்டர், 3 நாள், 200 லிட்டர் செலவு. மாதத்துக்குப் பத்து நடை அடித்தால் அந்த ஒரு லாரி 38,000 லிட்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். படை வெற்றிமேல் வெற்றி பெற்று 1,500 கிலோமீட்டருக்கு முன்னேறிவிட்டால், போய்வர 15 நாள் ஆகும், லாரியே 1,000 லிட்டரைக் குடித்துவிடும், மாதத்துக்கு இரண்டு நடைக்குமேல் முடியாது. இப்போது அதே லாரி சேர்ப்பது 6,000 லிட்டர்தான். தூரம் ஐந்து மடங்கு கூடியதில் வரத்து ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. டயர் தேய்வதையும், வண்டி பழுதாவதையும், எதிரி விமானம் வழியில் குண்டு போடுவதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. மாட்டுவண்டிக் காலத்திலும் இதே கதைதான். வண்டியில் ஏற்றிய தீவனத்தை வண்டிமாடே தின்று தீர்த்துவிடும் தூரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக விரும்பிய படைகள் வழியிலிருந்த ஊர்களைச் சூறையாடித்தான் வயிறு வளர்த்தன.

வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியத் தளபதி ரோம்மலைத் தடுத்து நிறுத்தியதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1942-ல் அவருடைய படை எகிப்தின் எல் அலமெய்னை எட்டியபோது, அவருக்குப் பொருள் வந்து இறங்கிய முதன்மைத் துறைமுகமான திரிபோலி 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இடையிலிருந்த பெங்காசியும் தோப்ரூக்கும் சிறியவை. அவற்றின்மீது பிரிட்டிஷ் விமானங்கள் தொடர்ந்து குண்டு போட்டன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எரிபொருள் இல்லாமல் டாங்கிகள் நின்ற அதே லிபிய மண்ணுக்கு அடியில் பெரும் எண்ணெய் வளம் இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டது 1959-ல்.

ஒரு நாட்டிடம் அல்லது ஒரு நிலப்பரப்பில் வளம் இருக்கிறது என்று சொல்வதால் போரில் அதற்குப் பயன் வந்துவிடாது. அதைத் தோண்ட வேண்டும், பக்குவப்படுத்த வேண்டும், தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மீதிக் கண்ணிகள் வீண். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் நடத்திய போரைப் போல இதைத் துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் போரின் தொடக்கமும் நடுவும் முடிவும் எண்ணெயைச் சுற்றியே அமைந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறத் தொடங்கின. எண்ணெயில் வேகம் அதிகம். கடலிலேயே குழாய் வழியாக நிரப்பிக்கொள்ளலாம். கரியை வாரிப்போட ஆட்கள் வேண்டாம். ஆனால் பிரிட்டனிடம் சொந்தக் கரி ஏராளமாக இருந்தது, சொந்த எண்ணெய் இல்லை. அதனால்தான் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் முயற்சியில், 1914-ல் பாரசீகத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பிரிட்டிஷ் அரசே வாங்கியது. அவ்வாண்டு நவம்பரில் துருக்கி போரில் இறங்கியவுடன், அந்த எண்ணெய் நிலையத்தைக் காக்க பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்கள். எரிபொருளை மாற்றிக்கொண்டால் காக்க வேண்டிய நிலமும் மாறிவிடுகிறது.

ஜப்பானுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் இன்னும் கடுமையாக. 1930-களின் இறுதியில் அது பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தது; சொந்த மண்ணில் கிடைத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1937 முதல் சீனாவில் அது நடத்திக்கொண்டிருந்த போரை விரும்பாத அமெரிக்காவிடமிருந்தே அந்தப் போருக்கான எண்ணெயை வாங்க வேண்டிய விசித்திர நிலை. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும், அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்டில் எண்ணெய் ஏற்றுமதி நின்றது. பிரிட்டனும், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் அரசும், அதாவது இன்றைய இந்தோனேசியாவை ஆண்டவர்களும், அதே வழியில் சென்றனர்.

அந்தக் கணத்திலிருந்து தோக்கியோவில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. கையிருப்பு, போர் நடந்தால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கப்பற்படைத் தலைமை அதிகாரி நகானோ ஒசாமி, அக்டோபரில் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், கடற்படை ஒரு மணி நேரத்துக்கு 400 டன் எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, எதுவானாலும் விரைவில் முடிவெடுக்குமாறு வற்புறுத்தினார். போர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம், தொட்டியில் மட்டம் இறங்க இறங்க, இப்போதா அல்லது ஒருபோதும் இல்லையா என்ற விவாதமாகச் சுருங்கிவிட்டதை இதில் காண்கிறோம். ஜப்பானியத் தலைவர்களின் பேராசையை இந்தக் கணக்கு நியாயப்படுத்தாது. சீனாவை விட்டு வெளியேறும் வழி அவர்களுக்குத் திறந்தே இருந்தது. அந்த வழியை ஒதுக்கிவிட்ட பிறகு, எஞ்சிய வழிகளில் எதைத் தேர்வது, எந்த மாதத்தில் தேர்வது என்பதை எண்ணெய் முடிவு செய்தது.

அவர்களுக்கு வேண்டிய எண்ணெய் சுமத்ராவின் பலெம்பாங்கிலும், போர்னியோவின் பாலிக்பாப்பானிலும் தரக்கானிலும் இருந்தது. அங்கிருந்து ஜப்பானுக்கு வரும் கடல்வழி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளமுடையது. அது அமெரிக்காவின் கையில் இருந்த பிலிப்பைன்ஸையும் பிரிட்டனின் சிங்கப்பூரையும் உரசிக்கொண்டு போகிறது. எண்ணெய்க் கிணற்றைப் பிடித்தால் போதாது, வழியையும் பிடிக்க வேண்டும். வழியைப் பிடிக்கும்போது அமெரிக்கக் கடற்படை குறுக்கே வரக் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஹவாயில் இருந்த பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கியதன் காரணம் இதுதான். இந்தோனேசிய எண்ணெய்க்காக ஹவாயில் குண்டு போட்டார்கள் என்று சொன்னால் முதலில் விளங்காது. வரைபடத்தில் கடல்வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனால் விளங்கிவிடும்.

அந்தத் தாக்குதலிலேயே வழங்கலைப் பற்றிய பெரும் பிழை ஒன்றும் நேர்ந்தது. ஜப்பானிய விமானிகள் போர்க்கப்பல்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நின்ற எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டார்கள். அவற்றில் இருந்தது ஏறத்தாழ 45 லட்சம் பீப்பாய், அதாவது 70 கோடி லிட்டருக்கும் மேல். அதை இழந்திருந்தால் போர் இன்னும் இரண்டு ஆண்டு நீண்டிருக்கும் என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் பின்னாளில் கருதினார். மூழ்கிய கப்பல்களில் பலவற்றை அங்கேயே தூக்கி நிறுத்திப் பழுது பார்த்தார்கள். எண்ணெய் எரிந்து போயிருந்தால், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு டன்னாகக் கப்பலில் கொண்டுவந்திருக்க வேண்டும். எதிரிக்கு எண்ணெயே இல்லாமல் செய்யலாம் என்பது, எண்ணெய்க்காகவே போரில் இறங்கியவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த விஷயத்தில் சென்னைக்கு வந்த முல்லர் தெளிவானவர்.

1942-ன் முதல் மாதங்கள் ஜப்பானுக்கு ஏறுமுகம். பிப்ரவரி 14 அன்று பலெம்பாங்கில் பாராசூட் படையினர் இறங்கினார்கள். சுத்திகரிப்பு ஆலையைக் குண்டு போட்டு அழிக்காமல் முழுதாகப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் வானிலிருந்து இறங்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. பாலிக்பாப்பானில் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டு நிலையங்களைத் தாங்களே கொளுத்தினார்கள். பலெம்பாங்கில் படை இறங்கிய மறுநாள், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. சேதமான கிணறுகளைச் சீர்செய்ய ஜப்பான் தன் எண்ணெய்த் தொழில்நுட்ப வல்லுநர்களை அனுப்பியது; அவர்களை ஏற்றிச் சென்ற தாயோ மாரு என்ற கப்பலை மே 8 அன்று ஓர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்ததில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதையும் மீறி உற்பத்தி எதிர்பார்த்ததைவிட விரைவாகவே மீண்டது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆண்டு ஆகஸ்டில் காக்கசஸ் மலைப்பகுதியின் மைக்கோப் எண்ணெய் வயலைப் பிடித்த ஜெர்மனிக்குச் சோவியத் படை சிதைத்துவிட்டுப்போன கிணறுகள்தான் கிடைத்தன. அங்கிருந்து அது பெற்ற எண்ணெய் பெயருக்குத்தான்.

ஆக ஜப்பானிடம் இப்போது எண்ணெய் இருந்தது. கப்பல்?

போரின் தொடக்கத்தில் ஜப்பானின் வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 60 லட்சம் டன். அதில் எண்ணெய் ஏற்றும் டேங்கர்கள் சிறு பகுதிதான். இதே கப்பல்களைக் கொண்டுதான் எண்ணெயையும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டையும், இரும்புத் தாதுவையும், அரிசியையும் ஜப்பானுக்குக் கொண்டுவர வேண்டும். படையையும் வெடிமருந்தையும் பசிபிக்கின் நூற்றுக்கணக்கான தீவுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். தரைப்படை, கடற்படை, பொதுமக்கள் தேவை என்று மூன்று பிரிவாகக் கப்பல்கள் ஒதுக்கப்பட்டிருந்ததால், ஒரு பிரிவின் கப்பல் ஒரு திசையில் காலியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிரிவு அதே திசையில் ஏற்றக் கப்பலின்றித் தவித்தது. லாரித் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால், திரும்பும் நடைக்குச் சரக்கு இல்லாமல் ஓட்டுவது எவ்வளவு நஷ்டம் என்று சொல்வார்கள்.

அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கும் தொடக்கத்தில் நல்ல காலம் இல்லை. அவற்றின் டார்பீடோக்களில் பல, இலக்கின் அடியில் போயின அல்லது மோதியும் வெடிக்காமல் விழுந்தன. அந்தக் கோளாறு முற்றாகத் தீர 1943-ன் இறுதியாகிவிட்டது. அதன் பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. ஜப்பானிய வணிகக் கப்பல்களின் குறியீட்டுச் செய்திகளை அமெரிக்கர்கள் படித்துக்கொண்டிருந்ததால், எந்தக் கப்பல் வரிசை எந்த நாளில் எந்த இடத்தைக் கடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. 1944-ல் டேங்கர்களுக்கு முதலிடம் கொடுத்து வேட்டையாடினார்கள். ஜப்பானியக் கடற்படையோ, போர்க்கப்பலோடு போர்க்கப்பல் மோதும் ஒரே பெரும் சண்டையில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தது. சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது அதன் அதிகாரிகளுக்கு மதிப்பான வேலையாகப் படவில்லை. காவல் பணிக்கென்று தனித் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். நீர்மூழ்கிப் படையில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையில் ஐம்பதில் ஒருவர்கூட இல்லை; ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அவர்கள் மூழ்கடித்தவை.

1943-ல் உச்சத்தைத் தொட்ட ஜப்பானின் எண்ணெய் இறக்குமதி, 1945-ன் தொடக்கத்தில் அநேகமாக நின்றுபோனது. இத்தனைக்கும் அந்தக் கிணறுகளில் பெரும்பாலானவை ஜப்பானின் கையிலேயே இருந்தன.

எண்ணெயைக் கப்பற்படைக்குக் கொண்டுவர முடியாதபோது, கப்பற்படையை எண்ணெய்க்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1944-ல் பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்கா தீவுகளை ஒட்டிய கடலில் தங்கின. புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய விமானம் தாங்கிக் கப்பல்கள் தாய்நாட்டுக் கடலில் இருந்தன. இப்படி ஒரே கடற்படை இரண்டாகப் பிளந்து கிடந்தபோதுதான், அக்டோபரில் அமெரிக்கா பிலிப்பைன்ஸின் லெய்தேயில் இறங்கியது. ஜப்பானின் முதன்மைப் போர்க்கப்பல் படையான கூட்டுக் கப்பற்படையின் தலைவர் தொயோடா சொயேமு தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அங்கே அனுப்பியதன் காரணத்தைப் போருக்குப் பின் விளக்கினார். பிலிப்பைன்ஸ் போய்விட்டால் தெற்கு வழி அறுந்துவிடும். கப்பல்கள் ஜப்பானில் இருந்தால் எண்ணெய் கிடைக்காது, தெற்கில் இருந்தால் வெடிமருந்து கிடைக்காது. அப்படியிருக்க அவற்றைக் காப்பாற்றி வைத்து என்ன பயன் என்பது அவருடைய வாதம். வீரசாகசம் என்றோ தற்கொலை முயற்சி என்றோ பலர் எழுதும் அந்தக் கடற்போரின் அடியில் இருந்தது ஒரு சரக்குப் போக்குவரத்துக் கணக்கு.

எண்ணெயோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வளம் ரப்பர். நம் மக்களின் வாழ்க்கையை நேராகத் தொட்டதும் அதுதான். போருக்கு முன்பு உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. மலாயாவின் பால்மரக் காடுகளில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். 1942-ல் அந்தத் தோட்டங்கள் ஜப்பானின் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு மூச்சுத் திணறியது. அமெரிக்கா 1942 டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவந்தது. அங்கே பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை, கார்களை ஓடவிடாமல் டயரை மிச்சப்படுத்துவதே முதன்மையான நோக்கம். அதே நேரத்தில் பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளைக் கட்டி, போர் முடிவதற்குள் ஆண்டு உற்பத்தியை 7 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுபோனது.

நேச நாடுகளின் கையில் எஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும் பங்கு இலங்கையுடையது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் மரங்களில், பட்டை மீண்டும் வளர இடைவெளி கொடுக்காமல், மரம் செத்தாலும் சரி என்று பால் வெட்டப்பட்டது. அந்தத் தீவை 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் தாக்கியதற்கு அதன் துறைமுகங்களும் காரணம். ஏப்ரல் 5 அன்று கொழும்பு. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. திருகோணமலையில் பிரிட்டிஷார் தங்கள் கப்பற்படைக்காகக் காட்டுக்குள் கட்டிவைத்திருந்த ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தொட்டிகளில் ஒன்றின்மீது ஒரு ஜப்பானிய விமானம் விழுந்து, தொட்டி பல நாட்கள் எரிந்தது. திருகோணமலையின் சீனன்குடாவில் அவற்றில் 99 தொட்டிகள் இன்றும் நிற்கின்றன.

மலாயாவில் நடந்தது இதற்கு நேரெதிர். ஜப்பானுக்கு அவ்வளவு ரப்பர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதை ஏற்றிச் செல்லவும் கப்பல் போதவில்லை. உலகமே ஏங்கிய பொருள் காட்டில் சும்மா கிடந்தது. பால் வெட்டு நின்றதால் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி நின்றது. பர்மாவிலும் சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) அரிசி மிகுந்திருந்தும் அதைக் கொண்டுவரக் கப்பல் இல்லாததால், மலாயா மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அதே பர்மா அரிசி வராமல் போனது வங்காளத்தின் 1943-ம் ஆண்டுப் பஞ்சத்துக்கும் காரணங்களில் ஒன்று. ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று அஞ்சி, வங்காளக் கரையோரத்தின் ஆயிரக்கணக்கான நாட்டுப் படகுகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்தது இன்னொன்று. எதிரியின் வழங்கலை முடக்கப் போய், சொந்தக் குடிகளின் சோற்று வழியை அடைத்தார்கள்.

வேலையிழந்த தோட்டத் தொழிலாளரை வைத்துத்தான் ஜப்பான் தன் அடுத்த வழங்கல் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தது. பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றிக்கொண்டு ரங்கூனுக்குப் பொருள் போக வேண்டியிருந்தது. அந்தக் கடலில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. கடல்வழியைத் தவிர்க்க, சயாமிலிருந்து மலைக்காடு வழியே பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலையை உடைக்கவும் மண் சுமக்கவும் பெரும்பாலும் மனிதக் கைகளையே நம்பினார்கள். போர்க் கைதிகளாகப் பிடிபட்ட 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்களில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவா மக்கள், மலாய்க்காரர் என்று கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேர்; அவர்களில் 90,000 அளவில் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 1943-ன் மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தொழிலாளருக்கு இரண்டும் இல்லை. ஆகவேதான் முதல் எண்ணிக்கை துல்லியமாகவும் இரண்டாவது மதிப்பீடாகவும் இருக்கிறது. மலாயாத் தமிழர் பேச்சில் அதன் பெயர் ‘சயாம் மரண ரயில்’.

நாளொன்றுக்கு 3,000 டன் போகும் என்று திட்டமிடப்பட்ட அந்தப் பாதை, குண்டுவீச்சாலும் அவசரக் கட்டுமானத்தாலும் அந்த அளவை எட்டவே இல்லை. அந்த அரைகுறை வழியை நம்பி, 1944 மார்ச்சில் தளபதி முதாகுச்சி ரென்யா மூன்று டிவிஷன்களை இந்தியாவுக்குள், இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி அனுப்பினார். உடன் இந்திய தேசிய ராணுவத்தின் பிரிவுகளும் இருந்தன. வீரர்கள் சுமந்து சென்றது ஏறத்தாழ மூன்று வாரத்துக்கான உணவு. அதற்குள் பிரிட்டிஷாரின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். இடைக்காலத்துக்கு மாட்டு மந்தைகளைக் கூடவே ஓட்டிச் சென்றார்கள். சுமை தூக்கும் மாடு பிறகு இறைச்சியாகும் என்ற கணக்கு. பல மாடுகள் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதே அடித்துக்கொண்டு போயின; மலைப்பாதை ஏறப் பழகாதவை வழியில் விழுந்தன. இம்பாலுக்குப் போகும் சாலையை ஜப்பானியர் அறுத்ததும், பிரிட்டிஷ் தரப்பு ஏறத்தாழ 19,000 டன் பொருளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. கிடங்குகள் விழவில்லை. மே மாத இறுதியில், கோஹிமாவில் இருந்த 31-வது டிவிஷனின் தளபதி சாட்டோ கொடோகு, தன் வீரர்களுக்குச் சோறு வந்துசேரவில்லை என்ற காரணத்தால் மேலிடத்தின் உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ஜப்பானிய ராணுவத்தில் அது கேள்விப்படாத செயல். மழையில் திரும்பி நடந்த அந்தப் படையில், சண்டையில் மடிந்தவர்களைவிடப் பசியிலும் சீதபேதியிலும் மலேரியாவிலும் மடிந்தவர்களே அதிகம்.

ஜப்பானில் 1944-ன் பிற்பகுதியில், பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் மலைச்சரிவுகளில் பைன் மர வேர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேரை மண்ணடுப்பில் சூடாக்கி வடித்தால் வரும் எண்ணெயை விமான எரிபொருளாக்கலாம் என்று அரசு நம்பியது. ஊர் ஊராக வடிகலன்கள் வைத்தும், விமானம் பறக்கத் தக்க எரிபொருள் சொல்லும்படியாக வந்துசேரவில்லை. கூரே துறைமுகத்தில், ஓட்ட எண்ணெய் இல்லாத பெரும் போர்க்கப்பல்களைக் கரையோரமாக நங்கூரமிட்டு, மேலே வலையும் மரக்கிளைகளும் போர்த்தி, விமானங்களைச் சுடும் பீரங்கி மேடைகளாக நிறுத்திவைத்தார்கள். 1945 ஜூலை இறுதியில் அமெரிக்க விமானங்கள் வந்து அவற்றை நின்ற இடத்திலேயே மூழ்கடித்தன. ஆழம் குறைவு என்பதால் பல கப்பல்களின் மேல்தளம் நீருக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.